லயமும் லீலையும்

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு முதலிய இடுக்கி மலைப்பகுதிகளில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வாழும் வரிசை வீடுகளை ‘லயம்’ என்று அழைக்கின்றனர். ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல் மக்கள் நாவில் இவ்வாறு மாறிற்று என்பர். இசையில் லயம் என்பது காலத்தின் சீரான நடை. இரண்டும் ஒரே சொல்லாக அமைந்தது தற்செயல்தான். ஆயினும் அந்த லயத்தில் வளரும் குழந்தையின் வாரத்துக்கு இந்த லயம் உண்டா என்பது சிந்திக்கத்தக்கது.

இம்மலைகளில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் தாயும் தந்தையும் வாரத்தில் ஆறு நாள் தோட்ட வேலைக்குச் செல்கின்றனர். ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டங்களில் குழந்தைகள் காப்பகம் அமையவும், ஏழு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு கிடைக்கவும் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வழி செய்தது. ஆனால் அந்த ஓய்வு நாளும் துணி துவைப்பதிலும் கடைக்குப் போய் வருவதிலும் கரைந்துவிடுகிறது. நாள் முழுதும் கொழுந்து எடுத்துத் திரும்பும் தாயிடம் ‘குழந்தையோடு விளையாடம்மா’ என்று உபதேசிப்பது எளிது. அவளது கைகளைப் பார்த்தபின் அதைச் சொல்வது எளிதன்று. ஆகவே அவளிடம் கேட்பது சிறிதாகவே இருக்க வேண்டும்.

நிறைவான பிரம்மம் எதை அடைய வேண்டி உலகைப் படைத்தது என்ற ஆட்சேபத்துக்கு, படைப்பு வெறும் லீலையே என்று பிரம்மசூத்திரம் விடையளிக்கிறது. அதை விளக்கவந்த ஸ்ரீ சங்கரர் இரண்டு உவமைகளைத் தருகிறார்: ஆசைகள் யாவும் நிறைவேறிய அரசனின் விளையாட்டு ஒன்று, இயல்பாகவே உள்ளும் புறமும் சென்றுவரும் மூச்சு மற்றொன்று. இந்த இடுக்கி மலைகளினூடே பாய்ந்துவரும் பெரியாற்றின் கரையிலுள்ள காலடியில் பிறந்தவர் அவர். இரண்டாம் உவமையைக் கூர்ந்து நோக்குக. மூச்சுக்கு வெளிப்பயன் எதிலும் நோக்கமில்லை. ஆனால் ஒழுங்கு உண்டு. குழந்தையின் விளையாட்டும் அத்தகையதே. மூன்று முதல் எட்டு வயது வரை விளையாட்டே கல்வியின் வழி என்று 2022இல் வெளியான தேசியப் பாடத்திட்டக் கட்டமைப்பும் கூறுகிறது. தைத்திரீய உபநிஷதத்தின் பஞ்சகோசக் கருத்தையும் அது எடுத்தாள்கிறது.

இதைக் கேட்டதும் ஏழு நாளுக்கு ஏழு பாடம் என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டிவிடலாகாது. அப்போது லீலை போய்விடும், எஞ்சுவது பரீட்சைதான். வாரத்துக்கு இரண்டு மூன்று அடையாளங்கள் போதும். தினமும் மாலையில் விளக்கேற்றும்போது திரியை எடுத்துத் தருவது குழந்தையின் பணி. வெள்ளிக்கிழமை கோலத்துக்குப் புள்ளி வைப்பதும் அதன் பணியே; புள்ளி கோணினால் கோணட்டும், திருத்த வேண்டாம். சந்தையிலிருந்து வந்த வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் பெரிது சிறிதாகப் பிரிக்கட்டும். மழைக்காலத்தில் தரையில் பதினான்கு வட்டம் வரைந்தால் பல்லாங்குழி ஆயிற்று. புளியங்கொட்டைக்குக் காசு இல்லை. ஞாயிறன்று தந்தையின் கைபிடித்து ஒரு நடை. ஒவ்வொரு வாரமும் அதே மரம், அதே ஓடை. பெரியவர்களுக்குத்தான் அது சலிப்பு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மரியா மாண்டிசோரி அம்மையார் அருகிலுள்ள கொடைக்கானலில் தங்கியிருந்தபோது, இலையும் செடியும் சிற்றுயிர்களுமே அங்கிருந்த குழந்தைகளின் பாடப்பொருள்களாயின.

கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் பகவான் உணவும் ‘விஹார’மும் அளவோடு அமைந்தவனுக்கே யோகம் துன்பத்தைப் போக்கும் என்கிறார். விஹாரம் என்பதற்கு நடத்தல் என்று பொருள் கொள்கிறார் சங்கரர். பொழுதுபோக்கு என்று கொள்வோரும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை நடையில் இரண்டு உரைகளும் பொருந்திவிடுகின்றன!

மலையிலிருந்து வடக்கே பாலக்காட்டுச் சமவெளிக்கு வந்தால், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஊர்களில் வேறொரு நிலை. பல வீடுகளில் தமிழ், அங்கன்வாடியிலோ மலையாளம். இரண்டுக்கும் நடுவே குழந்தை திகைக்கலாம். அங்கு கற்ற மலையாளப் பாட்டை வாரம் ஒருநாள் வீட்டில் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் அது கற்பிக்கட்டும். உச்சரிப்பில் பாட்டி தவறினால் குழந்தை திருத்தும். அந்த ஒருநாள் குருவின் ஆசனம் அதற்கே.

இவற்றுள் மிக முக்கியமானது விளையாட்டின் வகையன்று, சொன்ன நாளில் அது நிகழ்வதுதான். கடோபநிஷதத்தில் நசிகேதன் சிறுவன். தந்தை வாஜசிரவஸ் வேள்வியில் பால் வற்றிய பசுக்களைத் தானம் கொடுப்பதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் அவனுள் சிரத்தை புகுந்தது என்கிறது உபநிஷதம். எல்லாவற்றையும் தருவதாகச் சொல்லிவிட்டு எதைத் தருகிறார் என்பதைக் குழந்தையின் கண் கண்டுவிட்டது. இன்றும் காண்கிறது. களைப்பு குற்றமன்று, களைத்த தந்தை பத்து நிமிடம் அருகில் அமர்ந்தாலும் அது கறவைப் பசுவே. கைப்பேசியில் கண்ணை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உடனிருப்பது வற்றிய பசு. ‘ஞாயிற்றுக்கிழமை ஓடைக்குப் போவோம்’ என்ற சொல்லை நம்பி விரல்விட்டு நாளெண்ணும் குழந்தைக்கு எண்ணிக்கை மட்டுமா வருகிறது? சொல்லின்மீது நம்பிக்கையும் அங்கேதான் முளைக்கிறது. பின்னாளில் சாஸ்திரத்தையும் குருவையும் அணுகும்போது தேவைப்படும் சிரத்தை வேறெங்கிருந்தோ வருவதில்லை.

காய்ச்சலோ கூடுதல் வேலையோ குறுக்கிட்டு ஞாயிறு தவறக்கூடும். அவ்வாறு தெரியவந்தால் சனிக்கிழமை இரவே குழந்தையிடம் சொல்லிவிட வேண்டும். மாற்று நாளை அதனிடமே கேட்டு, நாட்காட்டியில் அதன் கையாலேயே ஒரு புள்ளி வைக்கச் செய்யலாம்.