"மறந்து விடுங்கள்" என்று சொல்லாதீர்கள்

 



மனைவியை இழந்தவரோ, கடையை இழந்தவரோ ஒரு மூலையில் வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தால் நாம் என்ன சொல்கிறோம்? "பழசையெல்லாம் மறந்து விடுங்கள் நானா" என்கிறோம். மாதங்கள் கழிந்தும் அவர் அப்படியே இருந்தால், "ஈமான் போதவில்லை" என்று அவர் காதுபடவே பேசத் தொடங்கி விடுகிறோம். இந்த இரண்டு சொல்லுமே அநியாயமானவை.

யஃகூப் (அலை) அவர்களுக்கா ஈமான் குறைவு? மகனார் யூஸுஃபைப் பிரிந்த துக்கத்தால் அவர்களின் கண்கள் வெளுத்துப் போனதைத் திருக்குர்ஆனின் 12ஆம் அத்தியாயம் கூறுகிறது. இன்னும் அவரையே நினைத்து உடம்பைக் கெடுத்துக் கொள்கிறாரே என்று மற்ற மக்கள் கடிந்து கொண்டார்கள். அவர்களோ மறக்கவுமில்லை, நம்பிக்கையை விடவுமில்லை. தம் முறையீட்டை அல்லாஹ்விடமே வைத்தார்கள்.

நம் நாயகம் (ஸல்) அவர்களைப் பாருங்கள். நபித்துவத்தின் 10ஆம் ஆண்டில் கதீஜா (ரலி) அம்மையாரும், பெரிய தந்தை அபூதாலிபும் அடுத்தடுத்து மறைந்தார்கள். துயர ஆண்டு என்றே வரலாறு அதற்குப் பெயரிட்டிருக்கிறது. பல்லாண்டுகள் கழித்தும் வீட்டில் ஆடு அறுத்தால், கதீஜாவின் தோழியருக்கு ஒரு பங்கு போகும். பத்ருப் போரில் சிறைப்பட்ட மருமகனை மீட்க, மகளார் ஜைனப் (ரலி) ஒரு மாலையை அனுப்பினார்கள். அது தாயார் கதீஜா அணிந்திருந்த மாலை. அதைக் கண்டதும் நாயகத்தின் உள்ளம் உருகிவிட்டது. கவனியுங்கள்! ஒரு மாலை, ஒரு பங்கு இறைச்சி என்று அந்த ஞாபகங்களுக்கு உருவம் இருந்தது.

துக்கம் நோயாக முற்றும்போது அந்த உருவம்தான் முதலில் மங்குகிறது. 1986இல் இங்கிலாந்தில் மார்க் வில்லியம்ஸ், கீத் பிராட்பெண்ட் என்ற இருவர், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவர்களிடம் சில சொற்களைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகழ்ச்சியை நினைவுகூரச் சொன்னார்கள். அவர்களால் ஒரு குறிப்பிட்ட நாளை எடுத்துச் சொல்வது கடினமாயிருந்தது. மனச்சோர்வு நோயாளிகளிடமும் இதே குறை உண்டென்று பின்னர் வந்த ஆராய்ச்சிகள் காட்டின. நம் பாஷையில் சொல்வதானால், "பெருநாள்" என்றதும் நலமாயிருப்பவர், "அந்த வருஷம் மஸ்ஜித் தானாவில் நல்ல மழை, என் புதுச் செருப்பு தொலைந்தது" என்பார். நோயுற்றவரோ, "முன்பெல்லாம் நன்றாயிருந்தது" என்பதோடு நிறுத்திக்கொள்வார். நல்ல நாள்கள் இருந்தன என்று அறிவார். ஒன்றையும் கையில் எடுக்க முடியாது. இதை ஈமான் குறைவென்பது, காய்ச்சலை ஈமான் குறைவென்பது போலாகும்.

தோட்டப்புறத்தார்க்கு இன்னொரு துயரமும் உண்டு. 1942லும் 1943லும் ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் தமிழரைச் சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் நீளப் பாதை. காலராவிலும் பசியிலும் பல்லாயிரவர் மடிந்தனர். லயத்தில் காத்திருந்த எத்தனையோ குடும்பங்களுக்கு உடல் வரவில்லை, இறந்த தேதியும் தெரியவில்லை. "சயாமுக்குப் போனவர்" என்ற சொல் ஒன்றுதான் மிஞ்சியது. 80 வயதைத் தாண்டிவிட்ட அவர்கள் பிள்ளைகள் இன்னும் ஆங்காங்கே இருக்கிறார்கள். தகப்பனார் போனதையே கேட்டுக் கொண்டிராமல், போவதற்கு முன் பெரட்டுக்குப் புறப்படுகையில் பிள்ளையை எப்படிக் கூப்பிட்டார் என்று கேளுங்கள்.

வஹீ சில காலம் நின்று போய் நாயகம் (ஸல்) அவர்கள் வருந்தியிருந்த வேளையில் இறங்கியது 93ஆம் அத்தியாயமாகிய வள்ளுஹா. அதில் அல்லாஹு தஆலா பழையதை மறக்கச் சொல்லவில்லை. அநாதையாயிருந்தபோது புகலிடம் கிடைத்ததையும், வழி தெரியாதபோது வழி காட்டப்பட்டதையும், இல்லாமையில் தேவை நிறைந்ததையும் எண்ணிப் பார்க்க வைத்தான்.

934இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, வீட்டில் மருந்து சேமித்து வைப்பதுபோல, நலமாயிருக்கும் காலத்திலேயே நல்ல எண்ணங்களை மனத்தில் சேமித்து வைக்கச் சொன்னார். காரணம் தெரியாமல் வரும் துக்கத்துக்கு உடம்புக்கும் வைத்தியம் வேண்டும் என்றும் எழுதினார். நம்மில் சிலர் இன்றும் இதை ஒப்புவதில்லை! ஈரானில் அகதிகளாயிருந்த, தந்தையை இழந்த ஆப்கானியச் சிறாருக்குக் குறிப்பான நாள்களை நினைவுகூரும் பயிற்சியளித்ததில் மனச்சோர்வு குறைந்ததாக 2013இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று.

2023ஆம் ஆண்டு மலேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.6 விழுக்காட்டினர், ஏறத்தாழ 10 லட்சம் பேர், மனச்சோர்வுக்கு ஆளானவர்கள். அவர்களில் நம் ஜமாஅத்தாரும் இருப்பார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கமும் உணவும் கெட்டு ஒருவர் ஒடுங்கியிருந்தால், அரசாங்க சுகாதார கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். துஆவும் செய்யுங்கள், மருந்தும் கொடுங்கள். கெட்ட ஞாபகங்களை வலிந்து கிளறுவது நம் வேலையல்ல. அது வைத்தியருடையது.

நோயாளியைப் பார்க்கப் போவது சுன்னத். போகிறவர்கள் பிரசங்கம் செய்ய வேண்டாம். "உங்கள் கடையில் முதல் நாள் யார் சாமான் வாங்கினார்கள்?" என்று ஒன்றே ஒன்று கேளுங்கள். அவர் பதில் சொல்ல நெடுநேரமாகும். சொற்களை எடுத்துக் கொடுக்காமல் காத்திருங்கள். தேநீர் ஆறினால் ஆறட்டும்.