புளித்த மாவும் வணிகனின் பொறுப்பும்

ரொட்டி மாவை உப்பச் செய்யும் ஈஸ்ட்டும், பழச்சாற்றை மதுவாக்கும் ஈஸ்ட்டும் பெரும்பாலும் ஓரினத்தவையே. அவ்வாறாயின், புளித்து உப்பிய ரொட்டியை நாம் உண்பதும் விற்பதும் ஆகுமா? கேள்வி பழையது. ஆயினும், பொட்டலத்தில் வரும் ஈஸ்ட்டை விட்டு, வீட்டிலேயே இயற்கைப் புளிப்பு உண்டாக்கி ரொட்டி சுடும் வழக்கம் இக்காலத்தில் பரவி வருவதால், நம் வணிகப் பெருமக்கள் இதனை மீண்டும் எண்ணிப் பார்ப்பது நலம்.

நம்மிடையே இருவகைப் பதில்கள் வழங்குகின்றன. “புளித்ததெல்லாம் சந்தேகத்திற்குரியது, விலகி நிற்பதே பேணுதல்” என்பார் ஒரு சாரார். “அடுப்பில் வெந்தபின் எல்லாம் ஆவியாகிவிடும், எதைப் போட்டால் என்ன?” என்பார் மறு சாரார். இரண்டுமே பிழை என்பது நம் கருத்து.

முதலில் இந்தப் புளிப்பு எவ்வாறு உண்டாகிறது என்பதை அறிவோம். கோதுமை மாவையும் நீரையும் சம எடையில் கலந்து ஒரு ஜாடியில் மூடி வைக்கிறோம். நாள்தோறும் பாதியை எடுத்துவிட்டு, புதிய மாவும் நீரும் சேர்க்கிறோம். மாவிலேயே ஈஸ்ட்டும், புளிப்பைத் தரும் பாக்டீரியாக்களும் இயல்பாக உள்ளன. இரண்டாம் நாளே நுரை எழும். அது பெரும்பாலும் வேறு நுண்ணுயிர்களின் வேலை. பின் அது அடங்கிவிடும். கெட்டுவிட்டதென்று பலர் அப்போது கொட்டிவிடுகின்றனர். பொறுமையுடன் தொடர்ந்தால் புளிப்பு மிகுந்து, தீய கிருமிகள் ஒடுங்கி, ஈஸ்ட் நிலைபெறும். ஜொகூரின் வெப்பத்தில் இதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் போதும். ஈஸ்ட் மாவிலுள்ள சர்க்கரையை உண்டு கரியமில வாயுவை வெளியிடுகிறது, மாவு உப்புகிறது. கூடவே சிறிதளவு மதுசாரமும் உண்டாகிறது. அதில் பெரும்பகுதி அடுப்புச் சூட்டில் அகன்றுவிடும்.

இந்தச் சிறிதளவைக் கொண்டு ரொட்டியை விலக்குவோர், இட்லியையும் தோசையையும் என்ன செய்வர்? நம் தாய்மார்கள் எந்தப் பொட்டலமும் வாங்காமல் இரவில் மாவைக் கரைத்து வைத்து, காலையில் பொங்கக் காண்பதும் இதே இனத்துச் செயல்தானே? மார்க்கம் தடுத்தது போதையை, புளிப்பை அன்று. உணவு தயாரிக்கும்போது துணை விளைவாக உண்டாகும் மதுசாரம் நஜீஸ் அன்று, அவ்வுணவை உண்ணலாம் என்று மலேசியாவின் தேசிய ஃபத்வாக் குழு 2011 ஜூலையில் முடிவு கூறியுள்ளது. அனுமதிக்கப்பட்டதை மக்களுக்கு விலக்கி வைப்பது பேணுதல் ஆகாது.

இனி, “அடுப்பு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும்” என்போரைப் பார்ப்போம். இலங்கையிலும் கேரளத்திலும் கள்ளை ஊற்றி அப்ப மாவைப் புளிக்க வைப்போர் உண்டு. அப்பத்தில் எவ்வளவு மதுசாரம் மிஞ்சியது என்று இவர்கள் கணக்குப் பார்க்கின்றனர். கேட்க வேண்டிய கேள்வியோ, மாவில் ஊற்றியது எது என்பதாகும். மாவில் தானாகத் தோன்றிய சிறு துளி வேறு. போதைக்கென்றே பருகப்படும் ஒன்றை எடுத்து ஊற்றுவது வேறு. ஷாஃபிஈ மத்ஹபின்படி மது நஜீஸ். நஜீஸைக் கொண்டு பிசைந்த மாவை நெருப்பு தூய்மையாக்காது.

இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பது திராட்சை நீர். உலர்ந்த திராட்சையைப் பல நாள் நீரில் ஊறவைத்து, அது பொங்கியதும் அந்நீரால் மாவு பிசைவது இயற்கை ஈஸ்ட் செய்யும் முறைகளுள் ஒன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்காகத் திராட்சை ஊறவைக்கப்பட்டதையும், மூன்றாம் நாள் மாலைவரை அதனை அருந்தியதையும், அதன்பின் மிஞ்சியதைக் கொட்டச் செய்ததையும் ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். குளிர்ப்பெட்டியில்லாத அக்காலத்தில் நாளே அளவுகோலாயிற்று. நம் ஊர் வெப்பத்தில் ஐந்தாறு நாள் பொங்கிய திராட்சை நீரின் வலிமை, பழத்தின் அளவையும் சூட்டையும் பொறுத்தது; கண்ணால் பார்த்து அதை அறிய இயலாது. மாவும் நீரும் மட்டுமே போதுமென்ற தெளிவான வழி இருக்க, சந்தேகமான வழியில் ஏன் செல்ல வேண்டும்? இம்முறையைக் கையாள விரும்புவோர் முஃப்தி அலுவலகத்தில் விளக்கம் கேட்டறிந்த பின்னரே கையாளட்டும்.

வணிகனுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. பொட்டல ஈஸ்ட்டால் ஓரிரு மணி நேரத்தில் மாவு எழும். இயற்கைப் புளிப்புக்கு ஓர் இரவு வேண்டும், விலையும் கூடும். பொட்டல ஈஸ்ட்டைப் போட்டுவிட்டு “இயற்கைப் புளிப்பு” என்று எழுதி விற்றால் வாங்குபவர் எவ்வாறு அறிவார்? பொட்டல ஈஸ்ட்டில் குற்றமில்லை. பெயரை மாற்றி விலையேற்றுவதே குற்றம். எடைக்கல்லில் குறைப்பவனுக்கும் இவனுக்கும் என்ன வேறுபாடு?

ஜொகூர் பாருவில் ஜாலான் டோபியிலுள்ள சலாஹுதீன் ரொட்டிக்கடை 1937இல் தொடங்கப்பட்டது. ஜாலான் தான் ஹியோக் நீயில் பெயர் பெற்ற ஹியாப் ஜூ கடையின் தொடக்கம் 1919. விறகடுப்பு ரொட்டிக்காகத் தலைமுறை தலைமுறையாக மக்கள் இத்தகைய கடைகளை நாடுகின்றனர். அவர்களில் எத்தனை பேர் சமையற்கட்டினுள் சென்று பார்த்திருப்பர்? ரொட்டி வெந்தபின் புளிப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. முஸ்லிமின் கடையென்றால் அண்டை வீட்டு மலாய்ச் சகோதரர் எதையும் கேளாமல் வாங்கித் தம் பிள்ளைக்கு ஊட்டுகிறார். அவர் கேளாமல் விட்ட கேள்வி நம்மிடம் அமானத்தாக இருக்கிறது.

ஆகவே, ரொட்டி விற்கும் சகோதரர்களே! மாவில் சேர்த்ததை வாங்குபவரின் முகம் பார்த்துக் கூசாமல் சொல்ல முடியுமா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். முடியுமாயின் தயங்காமல் விற்பனை செய்யுங்கள். அதில் பரக்கத் உண்டு. முடியாதாயின் அந்த மாவை அடுப்பில் வைக்கும் முன்பே நிறுத்திவிடுங்கள்.