கேபிளை அறுத்தோம்; கட்டு அறுந்ததா?



போன மாதம் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து எல்லோரும் ஆகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இங்கே நியூ ஜெர்சியில் நம் சபைக்கு வரும் ஒரு வாலிப சகோதரன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பாஸ்டர், கேபிளைக் கட் பண்ணிட்டேன். மாசம் நூறு டாலருக்கு மேல மிச்சம். ஒரு ஆன்டெனா மாட்டிட்டேன், மீதிக்கு ஸ்ட்ரீமிங். இப்பத்தான் விடுதலை!" என்றார்.

சுற்றியிருந்தவர்கள் எந்த ஆன்டெனா, என்ன விலை என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நானோ அந்த 'விடுதலை' என்ற வார்த்தையிலேயே நின்றுவிட்டேன். ஏனென்றால் 2021-ல் அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு கேபிள் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவன் நான்.

ஒரு காரியத்தை அறுத்துப் போட்டால் அதிலிருந்து விடுதலையாகிவிட்டோம் என்று அர்த்தமா? இந்தக் கேள்வியை உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

இந்தக் கேபிள் எப்படிப் பிறந்தது தெரியுமா? 1948-ஆம் ஆண்டு வாக்கில், நம் பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவின் மலை ஊர்களில் டி.வி. வாங்கியவர்களுக்குப் படம் தெரியவில்லை. பிலதெல்பியாவிலிருந்து வரும் அலைகளை மலை மறைத்துக்கொண்டது. அப்போது டி.வி. விற்கிற கடைக்காரர்களும் ஊர்க்காரர்களும் மலை உச்சியில் ஒரு பெரிய ஆன்டெனாவை நட்டு, அங்கிருந்து வீடுவீடாகக் கம்பி இழுத்தார்கள். அதனால்தான் கேபிளுக்கு முதலில் 'சமுதாய ஆன்டெனா' என்று பெயர். மேற்கே ஒரேகான் மாநிலத்தின் அஸ்டோரியாவிலும் அதே காலத்தில் இப்படித்தான் நடந்தது. பாருங்கள், ஆரம்பத்தில் அது அயலானுக்குச் செய்த உதவி!

பிறகு என்ன ஆயிற்று? 1972-ல் காசு கட்டிப் பார்க்கும் ஹெச்.பி.ஓ. வந்தது. சேனல்கள் பத்து நூறாகப் பெருகின. பார்க்கிற பத்துக்காக, பார்க்காத நூறுக்கும் சேர்த்துப் பணம் கட்டினோம். 1992-ல் வந்த ஒரு சட்டத்தின்படி, ஆகாயத்தில் இலவசமாக வருகிற நிலையங்களும் கேபிள் கம்பெனிகளிடம் பணம் கேட்கலாம் என்றாயிற்று. அந்தப் பணம் நம் பில்லில் தனி வரியாக வந்து உட்கார்ந்தது. கூரைக்கு மேலே சும்மா போகிற அலைக்கு, கூரைக்குக் கீழே காசு! ஆகவே கேபிளை விட்டவர்கள்மேல் நான் குற்றம் சொல்லவில்லை. கேபிளை விட்டது சரிதான். விட்ட பிறகு என்ன நடந்தது என்பதே என் பாரம்.

என் வீட்டுக் கதையையே சாட்சியாகச் சொல்கிறேன். டப்பா போயிற்று. ஜன்னலில் காகிதம்போல் மெல்லிய ஒரு ஆன்டெனாவை ஒட்டினேன். 2009 ஜூன் 12-ல் இந்த தேசத்தின் பெரிய நிலையங்களெல்லாம் டிஜிட்டலுக்கு மாறிவிட்டபடியால், வந்தால் தெள்ளத்தெளிவாக வரும், வராவிட்டால் கட்டங்கட்டமாக உடைந்து நின்றுவிடும். நியூயார்க்கின் 2-ம் 4-ம் வந்தன. 7, 11, 13 மூன்றும் திணறின. "போகட்டும், ஸ்ட்ரீமிங்தான் இருக்கே" என்று விட்டுவிட்டேன்.

முதலில் ஒன்றுதான் வாங்கினேன். பிள்ளைகளுக்காக இரண்டாவது. கிரிக்கெட்டுக்காக மூன்றாவது. இலவச மாதம் என்று வந்த நான்காவதை நிறுத்த மறந்துபோனேன். ஐந்தாவதை யார் வாங்கினார்கள் என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை! விலையும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 2017-ல் மாதம் 35 டாலருக்கு ஆரம்பித்த யூடியூப் டி.வி., 2025 ஜனவரியில் 82.99 டாலர் ஆயிற்று. விளம்பரம் இல்லை என்றுதானே இவைகளிடம் ஓடினோம்? 2022 நவம்பரில் நெட்ஃப்ளிக்ஸ் விளம்பரத்தோடு ஒரு மலிவான திட்டம் கொண்டுவந்தது. 2024 ஜனவரியில் பிரைம் வீடியோவிலும் விளம்பரம் வந்தது, வேண்டாமென்றால் கூடப் பணம் என்று.

ஆண்டவர் சொன்ன ஒரு காரியம் அப்போது என் நினைவுக்கு வந்தது. ஒரு மனுஷன் என்கிற வீட்டை விட்டு அசுத்த ஆவி வெளியேறியது. வீட்டைப் பெருக்கி அழகுபடுத்தினார்கள். ஆனால் வீடு காலியாகவே கிடந்தது. வெளியே போனது திரும்பி வந்தது, தனியாக அல்ல, இன்னும் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு. டி.வி.யைப் பிசாசு என்று சொல்ல நான் வரவில்லை. நான் சொல்வது அந்தக் காலி வீட்டைப் பற்றி. வெளியேற்றியது போதாது, அந்த இடத்தை எதனால் நிரப்பினாய் என்பதே கேள்வி.

பணத்தைக்கூட விடுங்கள். ஒரு சனிக்கிழமை இரவு, பிரசங்கக் குறிப்பை எழுதி முடித்துவிட்டு, "ஒரே ஒரு எபிசோட்" என்று உட்கார்ந்தேன். அது முடிந்தது. நான் ஒரு பொத்தானும் அமுக்கவில்லை, சில விநாடியில் அடுத்தது தானாக ஆரம்பித்தது. எழுந்தபோது மணி இரண்டேகால். காலையில் விழித்திருந்து ஜெபிப்பதைப் பற்றிப் பேசினேன். விழித்திருந்தது மட்டும் உண்மை. இதைச் சபைக்கு முன்னால் சொல்ல எனக்கு வெட்கந்தான்.

கேபிள் நமக்கு வேண்டாததைத் திணித்தது. ஆனாலும் நிகழ்ச்சி எட்டு மணிக்கு முடிந்தால் முடிந்ததுதான். ஸ்ட்ரீமிங்கோ நமக்கு வேண்டியதையே கொடுக்கிறது, முடிவில்லாமல் கொடுக்கிறது. வேண்டாததைக் கொடுப்பவனை வாசலோடு அனுப்பிவிடலாம். வேண்டியதைக் கொடுத்துக்கொண்டே இருப்பவனை அனுப்ப மனசு வருமா?

இதைவிட என்னைக் குத்தியது இன்னொன்று. எங்களோடு இருக்கிற என் தாயார், கேபிளில் நாங்கள் கூடுதலாகப் பணம் கட்டி வைத்திருந்த ஒரு தமிழ்ச் சேனலைத்தான் பகலெல்லாம் பார்ப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்தது ரிமோட்டில் மூன்று நம்பர். டப்பா போன மறுநாள் நாங்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்டோம். சாயங்காலம் வந்தபோது அணைந்து கிடந்த டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். "ஏய்யா, அந்த டப்பா எங்கய்யா போச்சு? நான் ஏதாச்சும் அமுக்கிக் கெடுத்துப்போட்டேனா?" என்று கேட்டார்கள்.

பிரியமானவர்களே, மிச்சம் பிடித்தது நான். அதற்கு விலை கொடுத்தது அவர்கள். ஒரு வார்த்தை அவர்களைக் கேட்டேனா? கேட்கவில்லை. வீட்டில் ஒருவன் விடுதலை என்று சொல்வது இன்னொருவருக்குத் தனிமையாகுமானால், அதற்கு விடுதலை என்று பெயர் வைக்கலாமா?

பிள்ளைகளையும் பாருங்கள். முன்பு ஒரே ரிமோட்டுக்குச் சண்டை. இப்போது ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு திரை, சத்தமே இல்லை. சமாதானம் வந்துவிட்டது என்று நினைத்தேன். என் மனைவி ஒருநாள், "முன்ன சண்டையாவது போட்டுக்குவோம்ங்க" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

"அப்படியானால் டி.வி.யே வேண்டாமே பாஸ்டர்" என்று சில மூப்பர்கள் சொல்லக்கூடும். தூத்துக்குடியில் என் தகப்பனார் அப்படித்தான் வைத்திருந்தார். வீட்டில் டி.வி. கிடையாது. நான் எங்கே இருந்தேன் தெரியுமா? பக்கத்து வீட்டு ஜன்னலில்! அந்தக் காலத்தில் எங்கள் கரையோர ஊர்களில் மொட்டைமாடி ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி ரூபவாஹினி பார்ப்பார்கள். மாடியில் ஒருவர் திருப்ப, கீழே இருந்து "தெரியுது... போச்சு... இன்னும் கொஞ்சம்!" என்று தெருவே கத்தும். பெட்டியை வெளியே வைத்த என் தகப்பனாரால் என் ஆசையை வெளியே வைக்க முடியவில்லை. அவரைக் குறை சொல்லவில்லை. விலக்குவது பாதி வேலைதான் என்று சொல்கிறேன்.

மற்ற பாதிக்காக நாங்கள் ஒரு ஞாயிறு மதியம் தாயார் முதல் சின்னவன் வரை ஒன்றாக உட்கார்ந்தோம். மூன்று தீர்மானம் செய்தோம்.

ஒன்று, ஒரே சமயத்தில் இரண்டு ஸ்ட்ரீமிங்குக்கு மேல் இல்லை. அதில் ஒன்று பாட்டியின் தமிழ்ச் சேனலுக்கு. அதைத் திறக்கப் பழக்குவது பேரன் பொறுப்பு. மற்றது வேண்டுமானால் மாதம் மாறும்.

இரண்டு, அடுத்த எபிசோட் தானாக ஓடுவதை செட்டிங்கில் நிறுத்திவிட்டோம். இனிமேல் அமுக்கினால்தான் ஓடும். அந்த ஒரு விநாடியில் "போதுமா?" என்று நம்மை நாமே கேட்க முடிகிறது.

மூன்று, மிச்சம் என்று பெருமையாகச் சொன்ன பணம் எங்கே போயிற்று என்று பார்த்தோம். எங்கும் இல்லை! இப்போது அதைத் தனியே எடுத்து வைக்கிறோம். யாருக்கு என்று பிள்ளைகளும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. ஜன்னல் ஆன்டெனாவை எடுத்துவிட்டு, நீளக் கம்பி உள்ள ஒன்றைப் பரணில் கட்டினேன். 7, 11, 13-க்கு அப்படிப்பட்டதுதான் வேண்டுமாம். நான் மேலே மன்ஹாட்டன் பக்கம் திருப்ப, பையன் படிக்கட்டில் நிற்க, தாயார் நாற்காலியில் இருந்தபடியே, "தெரியுதுய்யா... போச்சு... இன்னும் கொஞ்சம்!" என்று சத்தம் போட்டார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அருமையான சகோதரனே, சகோதரியே, கேபிளை அறுக்க நினைக்கிறாயா? தாராளமாகச் செய். ஆனால் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போகுமுன், அந்த இடத்தில் என்ன வரப்போகிறது, அதனால் யார் தனியாக உட்காரப்போகிறார்கள் என்று உன் வீட்டாரைக் கேட்டுவிட்டுப் போ.

கிருபை உங்களோடிருப்பதாக.