மௌனம் பொய்யாகுமா?

வாயைத் திறந்து பொய் சொல்லக்கூடாது என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். வாயை மூடிக்கொண்டே பொய் சொல்ல முடியுமா என்ற விஷயத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கு அந்தப் பாடத்தைக் கற்பித்தது ஒரு பழைய மோட்டார் வண்டியின் பின் சக்கரம். குரு ஸ்தானத்துக்கு இது கொஞ்சம் குறைவான இடந்தான்; என்ன செய்வது, நமக்கு வாய்த்த குரு!

2006-இல் வாங்கிய வண்டி அது. ஜீப்பையும் வேனையும் சேர்த்துச் செய்தாற்போன்ற உயரமான குடும்ப வண்டி. எட்டுப் பேர் உட்காரலாம் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. நாங்கள் பன்னிரண்டு பேர் குலதெய்வம் கோயிலுக்குப் போயிருக்கிறோம். என் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிச் சென்றதும் அதுதான். அவள் கல்யாணத்துக்கு வெண்கலப் பானைகளையும் குத்துவிளக்கையும் கிரைண்டரையும் சுமந்து சென்றதும் அதுதான். மயிலிறகேயானாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துபோகும் என்று வள்ளுவர் எச்சரித்தது தெரியாதவனல்ல நான். மேடைகளில் அந்தக் குறளை எடுத்துச் சொல்லிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். ஆனால் கிரைண்டரை ஏற்றும்போது அது ஞாபகத்துக்கு வருவதில்லை.

2022-ஆம் வருஷம் கோடையில் வண்டியின் பின்பக்கத்திலிருந்து ஒரு முனகல் கிளம்பியது. ஊருக்குள் போகும்போது ஒன்றும் இராது. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால், தூரத்தில் எங்கோ மாவு மில் ஓடுவதுபோல் ஒரு சத்தம். நான் பாட்டுப் பெட்டியின் குரலைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தேன். இந்த வைத்தியம் இரண்டு மாதம் நன்றாகவே வேலை செய்தது. ஒரு நாள் என் மனைவி, “ஏங்க, பாட்டு இவ்வளவு சத்தமா வெச்சாத்தான் உங்களுக்குக் கேக்குதா? காது டாக்டரைப் பாருங்களேன்” என்றாள். காது நன்றாகத்தான் கேட்டது. அதுதான் சங்கடம்.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். வயதானவர், அதிகம் பேசமாட்டார். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு புறவழிச் சாலையில் ஓட்டினார். வண்டியை வலப்பக்கம் ஒடித்தபோது முனகல் கூடியது. இடப்பக்கம் ஒடித்தபோது தணிந்தது. வலப்பக்கம் வளையும்போது பாரமெல்லாம் இடப்பக்கச் சக்கரங்களின்மேல் சாயுமல்லவா? அதனால் நோய் இடப்பக்கம் என்று தீர்மானித்தார். பட்டறைக்குத் திரும்பி, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இடது சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டு, இன்னொரு கையைக் கமான் பட்டையின்மேல் வைத்துக்கொண்டார், நாடி பார்க்கிற வைத்தியரைப்போல. என் கையையும் பிடித்து அங்கே வைத்தார். இரும்புக்குள்ளிருந்து பொடிப்பொடியாக ஒரு நடுக்கம் விரல்களில் ஏறியது. பிறகு சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தார். ஒரு நூலளவு ஆடியது.

“பேரிங்கு போயிடுச்சு. கமானும் இந்தப் பக்கம் படுத்துடுச்சு. ரோட்டோரத்துப் பள்ளமும் தண்ணியும் இந்தச் சக்கரத்துக்குத்தானே! பேரிங்கு, சீல், கூலி எல்லாம் சேர்ந்து ஆறாயிரத்து ஐந்நூறு ஆகும். கமான் வேலை தனி” என்றார்.

“உடனே மாற்ற வேண்டுமா? எத்தனை நாள் தாங்கும்?”

அவர் கையைத் துடைத்துக்கொண்டே, “அது எனக்கெப்படித் தெரியும்?” என்றார்.

நான் அதை ஒரு மெக்கானிக்கின் அலட்சியப் பேச்சு என்றே எடுத்துக்கொண்டேன். பிறகு விசாரித்துப் பார்த்ததில், அவர் சொன்னதைவிட அதிகமாகப் பொறியியல் சாஸ்திரத்துக்கும் தெரியாது என்று அறிந்துகொண்டேன். ஒரு பேரிங்கின் ஆயுள் என்று புத்தகத்தில் போடுகிறார்களே, அது ஒரு பேரிங்கின் ஆயுளே அல்ல. ஒரே மாதிரியான 100 பேரிங்குகளை ஒரே பாரத்தில் ஓட்டினால், அவற்றில் 90 பழுதில்லாமல் கடந்துவிடுகிற சுற்றுகளின் எண்ணிக்கை அது. மீதிப் பத்து எப்போது கெடும், அந்தப் பத்தில் உங்களுடையதும் ஒன்றா என்பதைக் கணக்கு சொல்லாது. குண்டுகள் வைத்த பேரிங்கானால் பாரம் இரட்டித்தால் ஆயுள் பாதியாகக் குறைவதில்லை, எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. (பன்னிரண்டு பேர்!) அந்தக் கணக்கும் உள்ளே முதல் செதில் உதிர்கிற வரைக்குந்தான். உதிர்ந்து, முனகத் தொடங்கிவிட்ட பேரிங்குக்கு எந்த அட்டவணையும் இல்லை. ஒரு வருஷம் ஓடினாலும் ஓடும். மலைப்பாதையில் சூடேறி இறுகினாலும் இறுகும். எங்கள் வண்டியின் அமைப்பில், பேரிங்கு அடியோடு சிதைந்தால் சக்கரம் அச்சுத்தண்டோடு சேர்ந்து வெளியே வந்துவிடவும் கூடும் என்று மெக்கானிக் போகிறபோக்கில் சொல்லி வைத்தார்.

தெரியாது என்ற சொல்லில் மனிதனுக்கு எவ்வளவு சௌகரியம் இருக்கிறது! “கெட்டுவிட்டது” என்பது எனக்குத் தெரியும். “எப்போது” என்பதுதான் தெரியாது. நான் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு முதலாவதை விட்டுவிட்டேன். எப்படியும் வண்டியை விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. விற்கப்போகிற வண்டிக்கு ஆறாயிரத்து ஐந்நூறு எதற்கு?

தரகர் வந்தார். அனுபவசாலி. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “சோதனை ஓட்டத்தை டவுனுக்குள்ளேயே முடிச்சுடுங்க சார். கடைத்தெருவிலே நாற்பதுக்கு மேலே யாரு போகப் போறாங்க?” என்றார். பொய் சொல்லுங்கள் என்று அவர் சொல்லவில்லை. நானும் சரி என்று சொல்லவில்லை. இரண்டு கண்ணியமான மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காப்பி சாப்பிட்டோம்.

வாங்க வந்தவர் நாமக்கல் பக்கத்துக்காரர். நாற்பது வயதுக்குள் இருக்கும். கூடவே மனைவியும் ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றும் வந்திருந்தார்கள். அந்தக் குழந்தை நேரே பின் இருக்கையில் ஏறி, ஜன்னலோரமாக இடப்பக்கம் உட்கார்ந்துகொண்டது. நான் கவனிக்கக்கூடாது என்று நினைத்த விஷயங்களையெல்லாம் அன்றைக்கு என் கண் தேடித் தேடிக் கவனித்தது.

இங்கே என் சாமர்த்தியத்தைச் சொல்லவேண்டும். வண்டியின் பின்பக்கம் இடப்புறமாகச் சற்றுத் தாழ்ந்திருந்தது. கண்ணுள்ள எவனும் பார்த்துவிடுவான். ஆகவே அவர் வாய் திறக்கும் முன்னே நானே முந்திக்கொண்டு, “கமான் பட்டை படுத்துவிட்டது, மாற்றவேண்டியிருக்கும். முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்” என்றேன். அவர் முகத்தில் மரியாதை மலர்ந்தது. “நீங்க சொல்றீங்க பாருங்க, அதுதானுங்க சார் வேணும். ஊர்லே யாரு இப்படிச் சொல்றாங்க?” என்றார். எப்படியும் வெளியே தெரிந்துவிடுகிற ஓர் உண்மையைக் கொடுத்து, வெளியே தெரியாத இன்னொன்றை மூடுவதற்குப் போர்வை வாங்கிக்கொண்டேன். நாவலில் இப்படி ஒரு பாத்திரத்தைப் படைத்திருந்தால் அவனுக்கு மெல்லிய மீசையும் ஜவ்வாது வாசனையும் கொடுத்திருப்பேன். அவன் சாதாரணமாக முகச்சவரம் செய்துகொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, என்னைப்போலவே இருப்பான் என்று எனக்குத் தோன்றியிராது.

கடைத்தெருவைச் சுற்றி வந்தோம். வண்டி பூனைபோல நடந்தது. இரண்டு லட்சத்து முப்பத்தையாயிரத்துக்குப் பேச்சு முடிந்து, முன்பணம் கைமாறியது. கிளம்பும்போது அவர், “அம்மாவுக்குக் கொல்லிமலை அறப்பளீஸ்வரரைப் பார்க்கணும்னு ரொம்ப நாள் ஆசைங்க. பஸ்ஸிலே அவங்களாலே முடியலே. வர்ற வாரம் கூட்டிட்டுப் போயிடுவேன்” என்றார். கொல்லிமலைக்குப் போகிற பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அதில் பாதியாவது வலப்பக்கம் திரும்பாதா?

அன்று மாலை வக்கீல் சிநேகிதர் ஒருவரிடம், யாருக்கோ நேர்ந்ததுபோல விஷயத்தைச் சொன்னேன். வக்கீல்களிடம் எல்லோரும் ‘யாருக்கோ’ நேர்ந்ததைத்தான் சொல்கிறார்கள். அவர் சிரித்துவிட்டு 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தை எடுத்தார். பதினேழாவது பிரிவு மோசடியைப் பற்றியது. பேசவேண்டிய கடமை இல்லாத இடத்தில் வெறும் மௌனம் மோசடி ஆகாது என்று அது சொல்கிறது. அதற்கு உதாரணமாக ஒரு குதிரையை ஏலத்தில் விற்கிறார்கள். குதிரைக்கு நோய் இருப்பது விற்பவனுக்குத் தெரியும், சொல்லவில்லை. மோசடி இல்லை. எனக்கு மூச்சு வந்தது. சிநேகிதர் அடுத்த உதாரணத்தையும் காட்டினார். வாங்குகிறவள் விற்பவனுடைய மகள். இப்போதுதான் வயது வந்தவள். அந்த உறவு காரணமாகச் சொல்லவேண்டிய கடமை உண்டு. மூன்றாவது உதாரணத்தில், வாங்குகிறவன் விற்பவனைப் பார்த்து, “நீ மறுக்காவிட்டால் குதிரை நன்றாயிருக்கிறதென்று எடுத்துக்கொள்வேன்” என்கிறான். விற்பவன் சும்மா இருக்கிறான். அங்கே அந்த மௌனம் பேச்சுக்குச் சமானம்.

நூற்றைம்பது வருஷத்துக்கு முன் சட்டம் எழுதியவர்கள் மூன்றே குதிரைகளில் என்னை மடக்கிவிட்டார்கள்! நான் முதல் குதிரைக்காரன் என்று சிநேகிதர் தீர்ப்புச் சொன்னார். எனக்கு அது பொருந்தவில்லை. “நீங்க சொல்றீங்க பாருங்க, அதுதானுங்க வேணும்” என்று அந்த மனிதர் சொன்னபோது, மூன்றாவது குதிரைக்காரனிடம் பேசியதைத்தானே வேறு வார்த்தைகளில் என்னிடம் பேசினார்?

இது புதிய சண்டையும் அல்ல. கி.மு. 44-இல் ரோமாபுரி ஸிஸரோ, கடமைகளைப் பற்றித் தம் மகனுக்கு எழுதிய நூலின் மூன்றாம் பாகத்தில் இதையே விசாரிக்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து ஒரு நல்ல மனிதன் கப்பல் நிறையத் தானியம் கொண்டுவருகிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருவது அவனுக்குத் தெரியும். சொன்னால் விலை இறங்கும், சொல்ல வேண்டுமா? டயஜெனிஸ் என்ற பாபிலோனிய ஞானி, சட்டம் கேட்கிற குறைகளைச் சொன்னால் போதும், சொல்லாதிருப்பது வேறு, மறைப்பது வேறு என்கிற கட்சி. அவருடைய சீடர் ஆன்டிபேட்டரோ, எல்லாவற்றையும் சொல்லியே ஆகவேண்டும் என்கிற கட்சி. ஸிஸரோ சீடர் பக்கம் சாய்கிறார். உனக்குத் தெரிந்தது தங்களுக்குத் தெரியாமல் இருப்பதால் பிறர் நஷ்டப்பட, உனக்கு அதில் லாபம் இருக்குமானால், அது மறைப்பதுதான் என்பது அவர் எண்ணம்.

டயஜெனிஸுக்காக நான் கொஞ்சம் வாதாடுவேன். ஏனென்றால் ஆன்டிபேட்டரின் தர்மத்தை அப்படியே கைக்கொண்டால் பழைய பொருள் எதையும் விற்க முடியாது. பதினாறு வருஷத்து வண்டியில் எனக்குத் தெரிந்த குறைகளை வரிசையாக ஒப்பித்தால் வாங்க வந்தவர் பஸ் பிடித்து ஊருக்குப் போய்விடுவார். கதவு கிறீச்சிடுவதையும், மழையில் ஒரு துடைப்பான் மக்கர் செய்வதையும் நான் சொல்லாதது பாவமென்று எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. அவர் கண்ணும் காதும் பார்த்துக்கொள்ளும். படுத்துப்போன கமான் பட்டையும் அந்த வகைதான். ஆனால் பேரிங்கு வேறு ஜாதி. அது அவர் காதுக்கு எட்டாதபடி நான் தெருவைத் தேர்ந்தெடுத்தேன். சட்டப் புத்தகத்துக் குதிரைக்காரன் வெறுமனே நின்றான். நான் குதிரையை நொண்டாத மண்ணில் மட்டும் நடத்திக் காட்டினேன். மௌனமாக இருப்பதற்கு நான் எவ்வளவு காரியம் செய்திருக்கிறேன் என்பதை எண்ணிப் பார்த்தபோதுதான் வெட்கம் வந்தது.

இராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. உமணர்களின் ஞாபகம் வந்தது. உப்பு வண்டி ஓட்டியவர்கள், மேட்டிலும் பள்ளத்திலும் என்ன நேருமோ என்று வண்டியின் அடியில் ஒரு சேம அச்சைக் கட்டிக்கொண்டு போனார்கள் என்று ஔவையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அதியமானின் மகன் பொகுட்டெழினிக்கு அதை உவமையாக்கியிருக்கிறார். வழியில் என்ன நேருமென்று தெரியாத அந்த மனிதர்கள், தெரியாது என்பதனாலேயே ஓர் அச்சைக் கூடச் சுமந்தார்கள். நானோ தெரியாது என்பதனாலேயே ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாயை மிச்சம் பிடித்தேன்.

காலையில் அவருக்குப் போன் செய்தேன். பேரிங்கைப் பற்றிச் சொன்னேன். டவுனுக்குள் ஓட்டிக் காட்டிய காரணத்தையும் சொன்னேன். அதைச் சொல்வதுதான் கஷ்டமாயிருந்தது. பேரிங்கைச் சொல்வது அப்படியொன்றும் கஷ்டமில்லை. மறுபக்கத்தில் வெகு நேரம் பேச்சில்லை. பின்னால் குழந்தையின் குரல் கேட்டது.

“நேத்தே சொல்லியிருக்கலாமுங்களே சார்” என்றார்.

“சொல்லியிருக்கலாம்.”

முன்பணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இரண்டு நாள் கழித்து, என் செலவில் பேரிங்கை மாற்றித் தந்தால் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார். மாற்றினேன். கழற்றிய பேரிங்கை மெக்கானிக் டீசலில் அலம்பி என் உள்ளங்கையில் வைத்தார். கண்ணாடிபோல் இருக்கவேண்டிய உள் வளையத்தில், அம்மைத் தழும்புபோலப் பள்ளம் பள்ளமாக இருந்தது. பணத்தை எண்ணிக் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வண்டி எடுக்க அந்த நாமக்கல்காரர் வந்தபோது மனைவியும் குழந்தையும் வரவில்லை. தம்முடைய ஊர் மெக்கானிக் ஒருவரைக் கூட்டி வந்திருந்தார். புறவழிச் சாலையில் இருபது கிலோமீட்டர் ஓட்டினார்கள். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார்கள். இன்ஜின் எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்தார்கள். ஒவ்வொரு கதவையும் இரண்டு முறை திறந்து மூடினார்கள். நான் திண்ணையோரமாக நின்றுகொண்டிருந்தேன். “ஸ்டெப்னி நல்லாயிருக்கு, போன வருஷம் மாற்றினது” என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு மெக்கானிக்கிடம், “எதுக்கும் அதையும் கழற்றிப் பாத்துடுங்க” என்றார்.