காலமும் நியதியும் பழைய கார்களும்

மட்டக்களப்பின் படுவான்கரையிலே கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயத்துத் தேர், அடியார் கூட்டம் வடம் பிடிக்க வீதியைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே மீண்டு நிற்கையில், இத்துணைப் பிரயாசையும் எவ்விடம் போய்ச் சேர்வதற்கு என்று எவரும் வினவுவதில்லை. அவ்வாறிருக்க, பழைய மோட்டார்க் கார்களைப் போற்றி வைத்திருக்கும் சங்கத்தார் சிலர் ஓய்வுநாளில் ஒரு தடத்திலே கூடி, பரிசுப் பணமும் பிறர் ஏவலுமின்றி, ஒருவர்பின் ஒருவராக அதே பாதையில் ஓடி, தத்தமக்குச் சென்ற நேரத்தை அளந்தறிந்து வீடு திரும்புவார்களாயின், இஃதென்ன வியர்த்தமான காரியம் என்று முதலிற் கேட்பவர்கள் சமயப்பற்றுடையோரே. கேள்வி தக்கதுதான்; கேட்கும் இடந்தான் பிழை. சுற்றி வந்து அதே இடத்தில் நிற்பதில் குற்றமில்லை. தேருக்கும் இந்தக் காருக்கும் உள்ள பேதம், தேரின் அயலிலே எவரும் நிறுத்தற்கடிகாரம் பிடித்து நிற்பதில்லை என்பதே. ஆகவே நாம் விசாரிக்க வேண்டியது கடிகாரத்தை.

இலங்கைக்கு இவ்விளையாட்டுப் புதிதன்று. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டையிலே 1934ஆம் ஆண்டிலேயே மலையேற்றப் போட்டி தொடங்கிவிட்டது. வளைந்து வளைந்து மேலேறும் பாதையில் ஒவ்வொரு வாகனமும் தனித்தே புறப்படும், அடியிலிருந்து முடிவரை அதற்குச் சென்ற நேரம் செக்கனின் பின்னங்கள்வரை குறிக்கப்படும். இங்கிலாந்தின் ஷெல்ஸ்லி வோல்ஷ் குன்றிலே 1905 முதல் நடந்துவருவதும் இவ்வினத்ததே. சமதரையில் ஓட விரும்பியோருக்கு இரண்டாம் உலக யுத்தம் விட்டுச்சென்ற விமான ஓடுபாதைகள் களமாயின: களுத்துறைக்கு அயலே பிரித்தானியக் கடற்படை விமானத் தளமாயிருந்த கட்டுக்குருந்தை ஒன்று, சென்னைக்கு வடக்கே, 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் அமையும்வரை ஓட்டங்கள் நடைபெற்ற சோழவரம் மற்றொன்று. சங்காரத்துக்கென்று இட்ட பாதையிலே மனிதர் விளையாட வந்தமையை நான் இழிவாகக் கருதவில்லை; அது நல்ல மாற்றமென்றே நினைக்கின்றேன்.

போட்டியை வழிபாட்டினின்று வேறாக எண்ணும் வழக்கமும் எம் நாட்டுக்கு உரியதன்று. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் கண்ணகை அம்மன் வழிபாட்டைச் சார்ந்து நிகழ்ந்துவந்த கொம்புமுறி விளையாட்டிலே, ஊரார் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகி, ஒரு கட்சி கோவலன் பக்கமும் மறு கட்சி கண்ணகி பக்கமும் நின்று, வளைந்த மரக்கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு பூட்டி, ஒன்று முறியுமட்டும் இழுப்பர். அம்மன் கோபந் தணியவும், மழை பெய்யவும், நோய் நீங்கவும் செய்யப்பட்ட அந்தப் போட்டி பக்தியே. எனினும் அங்கே என் வெற்றி என்பது உன் கொம்பு முறிதல். மகாகஸ்தோட்டைப் பாதையிலோ எதிர்க்கட்சி கண்ணுக்கு முன்னே இல்லை. முறிய வேண்டியது ஏதேனும் உண்டென்றால், அது ஓட்டுபவன் தன்னைப்பற்றிக் கொண்டிருந்த மதிப்பீடே.

சைவ சித்தாந்தம் காலத்தை முப்பத்தாறு தத்துவங்களுள் ஒன்றாக எண்ணுகிறது. அசுத்த மாயையினின்று தோன்றி ஆன்மாவுக்குச் சட்டைபோல் அமையும் ஐந்தனுள் அதுவும் ஒன்று; கழிந்ததற்கு எல்லையையும், நிகழ்வதற்குப் பயனையும், வருவதற்குப் புதுமையையும் தருவது அதன் தொழில். அஃது ஆன்மாவைக் குறுக்குகிறது என்பது உண்மை. ஆனால் ஆணவ இருளில் அறிவும் செயலும் அற்றுக் கிடந்த உயிருக்கு அனுபவம் என ஒன்று வாய்ப்பதும் இந்தக் குறுக்கத்தினாலேதான் என்பதையும், மாயை பகையாக அன்றி, விடியுமட்டும் உதவும் விளக்காகவே தரப்பட்டது என்பதையும் நம் ஆசாரியர்கள் மறவாது சொல்லியிருக்கிறார்கள். ஆதலால் எல்லையை அளந்து அறிய முற்படுவது சமயத்துக்கு விரோதமாகாது. காரைதீவிலே 1892இல் பிறந்து, இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் பெற்று, இராமகிருஷ்ண சங்கத்திலே துறவு பூண்ட விபுலாநந்த அடிகள், தமது வாழ்வின் இறுதியாண்டாகிய 1947இல் வெளிவந்த யாழ் நூலிலே, சுரங்களுக்கிடையிலுள்ள விகிதங்களைக் கணித முறையால் நிறுவிக் காட்டினார். அளத்தலும் வணங்குதலும் ஒரு நெஞ்சிலே கூடியிருக்கலாம் என்பதற்கு இவ்வாவிக்கரையார் வேறு சான்று தேட வேண்டுவதில்லை.

இனி, கடிகாரம் ஓட்டுபவனுக்கு எதைக் கற்பிக்கிறது? 1950களின் மொறிஸ் மைனர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 803 கன சென்ரிமீற்றர் எஞ்சின். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். அந்தப் பிரேக்கைப் பலமுறை கடுமையாக மிதித்தால் அது சூடேறிப் பிடிமானம் தளரும். வளைவுக்குள் அவாவோடு விரைந்து நுழைந்தவன், அகன்று விலகி, மறுபடி வேகமெடுக்க முடியாமல், வெளியேறும் நேரத்திலே இரட்டிப்பாக இழக்கிறான். நுழையுமுன் அடங்கியவனே நேர்பாதையில் முந்துகிறான். தன் துணிவைப்பற்றி அவன் நண்பரிடம் எத்துணைப் பெருமை பேசினாலும், கடிகாரம் முகஸ்துதி அறியாது. இவ்வளவிலே அது நல்லாசிரியனே. ஆனால் குறித்த எண்ணையே உடைமையாக்கி, அந்த எண்ணுக்காகவே வாழத் தொடங்கினால், காலதத்துவத்தின் அயலிலே நிற்கும் அராகம் என்னும் தத்துவம் தன் வேலையைச் செய்துவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும். இது பாட்டுக்கும் படிப்புக்கும் பூசைக்குங்கூடப் பொருந்துவதாகலின் இங்கே விரித்துரையேன்.

என் நெஞ்சை வருத்துவது வேறொன்று. 2024 ஏப்ரல் 21ஆந் திகதி, தியத்தலாவையிலே, பொக்ஸ் ஹில் மோட்டார் ஓட்டத்தின்போது, ஒரு கார் தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர் கூட்டத்துட் புகுந்து 7 பேரைக் கொன்றது. இறந்தோருள் 8 வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். அது பந்தயமாக நடந்த ஓட்டம். பழைய கார்ச் சங்கத்தாரின் அமைதியான நேர ஓட்டத்தோடு அதனை ஒன்றாக எண்ணலாகாது. ஆயினும் இரண்டிலும் இரும்பு ஒன்றே, வேகம் ஒன்றே, வேலிக்கு அப்பால் நிற்கும் குழந்தையும் ஒன்றே.

காலத்தை அடுத்துச் சித்தாந்தம் நியதி என ஒரு தத்துவம் சொல்லும். அவரவர் செய்த வினையின் பயனை அவரவரே நுகருமாறு வரையறுத்து நிறுத்துவது அது. இத்தகைய மரணங்களைக் கேட்டவுடன், எல்லாம் நியதி, அவளுடைய விதி அவ்வளவுதான், என்று சொல்லி அமைய நம்மவருக்கு நா எழும். போரையும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் கண்ட இக்கரையிலே, பிள்ளையை இழந்த தாய் தன்னைத் தேற்றிக்கொள்ள அச்சொல்லைச் சொன்னால் அவளுக்கு அதற்கு முழு உரிமை உண்டு. களத்தை அமைத்தவனுக்கும் காரை ஓட்டியவனுக்கும் வேலியை எங்கே கட்டுவது என்று தீர்மானித்தவனுக்கும் அவ்வுரிமை இல்லை. இறைவன் நியதியை நடத்துகிறான் என்பது விசுவாசம். என் செய்கையின் பயன் என்னைத் தாண்டிப் பிறர்மேல் விழாதவாறு நான் நடந்துகொள்ள வேண்டும் என்பது, அவ்விசுவாசம் என்மேற் சுமத்தும் கடமை. முன்னதைச் சொல்லிப் பின்னதினின்றும் தப்புபவன், சாத்திரத்தைப் படித்தவனாயினும் அதனை உணர்ந்தவனாகான். மலைப்பாதையிலே ஒரு நேரத்தில் ஒரே வாகனத்தை விடுவதும், ஓடுமுன் பிரேக்கையும் சில்லையும் பரிசோதிப்பதும், வளைவின் வெளிப்புறத்திலே ஒருவரையும் நிற்கவிடாமையும், தலைக்கவசமும், ஆபத்தென்று கண்டவுடன் ஓட்டத்தை நிறுத்தக் கொடிபிடித்து நிற்கும் தொண்டர்களும், இவையெல்லாம் நியதியை மனிதக் கையால் அனுட்டிக்கும் முறைகள் என்றே நான் கொள்கிறேன். பிழைத்தவன் தானே அதன் பயனை ஏற்க, அயலான் பிழைத்துப்போகிறான்.

ஓட்டுபவனுடைய உயிர்தான் அவனுடையதோ என்று கேட்பாரும் உளர். மானுடப் பிறவி அரிது, உடம்பு சிவபுண்ணியத்துக்கென்று தரப்பட்டது, வீட்டிலே அவனை நம்பியவர் இருக்கிறார்கள், இம்மூன்றும் மறுக்கொணாதவை. ஆகவே அவன் தன் எல்லையை அறிய ஓடலாம், எல்லையை வெறுத்து ஓடலாகாது என்பது என் துணிபு.

இத்தாலியர் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றனர். பிரெசியா நகரிலே புறப்பட்டு உரோமாபுரி சென்று மீளும் மில்லே மில்லியா என்னும் ஆயிர மைல் ஓட்டம் 1927இலே தொடங்கிப் பொதுவீதிகளில் நிகழ்ந்துவந்தது. 1957இல் டி போர்ட்டாகோ என்பவரின் பெராரிக் கார் வீதியை விட்டு விலகியபோது, அவரும் துணையோட்டியும் பார்வையாளர் 9 பேரும் மாண்டனர். அவ்வொன்பதின்மருள் ஐவர் குழந்தைகள். அதனோடு அந்தப் பந்தயம் ஒழிந்தது. 1977இலே அது மீண்டும் எழுந்தபோது வேகப் பந்தயமாக எழவில்லை. அந்நாளைய கார் வகைகளே, குறித்த தூரத்தைக் குறித்த நேரத்திலே கடக்க வேண்டும் என்னும் ஒழுங்கோட்டமாக அது மாறிற்று. அவ்வகை ஓட்டத்திலே பிந்தி வந்தவனுக்கு மட்டுமன்று, முந்தி வந்தவனுக்கும் குற்றப்புள்ளி உண்டு. பெரிய எஞ்சின் உடையவனுக்கு அதனால் யாதொரு பலனுமில்லை. காலத்துக்குக் கொடுத்த வாக்கைக் காத்தவனே சிறந்தவன்.

நம் நாட்டுப் பழைய கார்ச் சங்கத்தார் தங்கள் ஓட்டநாட்களை இம்முறைக்கு மாற்ற வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன். அதிலே கிளர்ச்சி இல்லை என்று இளைஞர் சொல்லக்கூடும். எழுபது வயதான எஞ்சினை, ஒவ்வொரு சுற்றிலும் செக்கனின் பத்திலொரு பங்கும் பிசகாமல், மழையிலும் வெயிலிலும் ஒரே நிலையில் ஓட்டிக் காட்டுவது எத்துணை அரிது என்பதை, ஒருமுறை முயன்றபின் அவர்கள் சொல்லட்டும்.