செய்திக்கு விலை கேட்கலாமா?

வாசக அன்பரே, கடையிலே பத்திரிகைக்குக் காசு கொடுக்கத் தயங்காத நீங்கள், அதே செய்தியை இணையத்தளத்தில் வாசிக்கக் கட்டணம் கேட்டால் முகஞ்சுழிப்பது ஏன்? கடதாசியும் மையும் அங்கே இல்லைத்தான். ஆனால் நீதிமன்ற வாசலில் நாள் முழுதும் காத்துநின்ற நிருபருக்கும் வயிறு உண்டு. உழைத்தவனுக்குக் கூலி மறுப்பது பாவமென்று ஞானோபதேசத்தில் படித்தவர்கள் நாம். இலவசமாய் வருவதற்கும் எவரோ விலை கொடுக்கிறார், பெரும்பாலும் விளம்பரக்காரர். அவரைப் பற்றிய உண்மையை எழுத வேண்டி வந்தால் ஆசிரியரின் பேனா தயங்காதோ?

ஆயினும் ஒரு சங்கடம் உண்டு. தகவல் பெறும் உரிமை மனிதருக்கு உண்டென்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் எடுத்துரைத்தது. காசில்லாதவனுக்கு அவ்வுரிமை இல்லையா? மெய்ச்செய்தி பூட்டிக் கிடக்க, பொய்ச்செய்தியோ ஒரு சதமும் கேளாமல் அவனுடைய கைத்தொலைபேசிக்கு வந்து சேர்கிறது. 2011இல் இணைய வாசகருக்குக் கட்டணமுறை ஏற்படுத்திய நியூயோர்க் ரைம்ஸ், 2020இல் கொரோனா பரவியபோது அதுபற்றிய செய்திகள் பலவற்றைக் கட்டணமின்றித் திறந்துவிட்டது. உயிர் காக்கும் செய்தியைப் பூட்டலாகாதென்று அதற்கே தோன்றியது போலும்!

வெள்ளம், கொள்ளைநோய், தேர்தல் பற்றிய செய்திகள் எல்லார்க்கும் திறந்திருக்க, ஏனையவற்றுக்குக் கட்டணம் கேட்பதில் நாம் குற்றம் காணோம். இலண்டனிலிருந்து வெளிவரும் கார்டியனோ இணையத்தளத்தைத் திறந்தே வைத்து, இயன்றவர்களிடம் நன்கொடை கேட்கிறது. நமக்கு இது புதிதல்ல. பூசையிலே காணிக்கைத் தட்டு வரும்போது, போடாதவரை எவரும் கோவிலைவிட்டு வெளியே அனுப்புவதில்லையே.