தாலிக்குப் பொன்னா, பிளாட்டினமா? பழநிமலையில் இருக்கிறது பதில்!

பழநி ஆண்டவரை நினைத்ததும் நம் கண்முன் வருவது என்ன? கையில் தண்டம், இடையில் கோவணம். அந்த ஆண்டிக் கோலம்தானே! ஆனால், சாயரட்சை நேரத்தில் அதே சந்நிதியில் போய் நின்று பாருங்கள். பட்டும் கிரீடமும் ஆபரணங்களுமாக ராஜ அலங்காரத்தில் ஜொலிப்பார். இராக்கால பூஜையில் அவை எல்லாம் களையப்பட்டு, மேனியெங்கும் சந்தனம் சாத்தப்படும். ஒரே நாளில் பொன்னை அணிந்துகொள்ளவும் செய்கிறார்; கழற்றி வைக்கவும் செய்கிறார் நம் முருகன்.

வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, நகைக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் சகோதரிகள் இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

போகர் சித்தரின் சமாதி பழநி மலைக்கோயிலின் தென்மேற்குப் பிராகாரத்தில் இருக்கிறது. மூலவரை நவபாஷாணத்தால் உருவாக்கியவர் அவரே என்பது ஐதீகம். ரசவாதம் அறிந்தவர் என்று போற்றப்படும் சித்தருக்குப் பொன் கிடைக்காமலா போயிருக்கும்? பொன்னை விட்டுவிட்டு ஒன்பது பாஷாணங்களை ஏன் தேர்ந்தெடுத்தார்? மேனியில் பட்ட அபிஷேகப் பொருள் அடியவர்களின் பிணி தீர்க்கும் மருந்தாக வேண்டும் என்று நினைத்தார் என்பார்கள் பெரியோர். ‘எது விலை உயர்ந்தது’ என்று அவர் பார்க்கவில்லை. ‘எதற்காகச் செய்கிறோம்’ என்று பார்த்தார்.

அந்த ஒன்பதில் பாதரசத்தையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். இந்த ரசத்துக்கும் தங்கத்துக்கும் ஒரு விசித்திரமான உறவு உண்டு. ஒரு துளி பாதரசம் மோதிரத்தில் பட்டால் போதும், தங்கம் அதை உறிஞ்சி வெள்ளையாகிவிடும். நொறுங்கும் தன்மையும் வந்துவிடும். பழநி மலைத்தொடரின் உச்சியில் இருக்கும் கொடைக்கானலிலேயே, பாதரசம் நிரப்பிக் காய்ச்சல்மானி செய்த ஆலை ஒன்று, சுற்றுச்சூழல் மாசுப் புகாரால் 2001-ல் மூடப்பட்டது. வீட்டில் பழைய கண்ணாடிக் காய்ச்சல்மானி உடைந்தால் முதலில் வளையல், மோதிரங்களைக் கழற்றி வைத்துவிடுங்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். துடைப்பத்தால் பெருக்கவும் கூடாது.

சரி, தாலி விஷயத்துக்கு வருவோம். பழநியில் விஞ்சுக்காகக் காத்திருந்த வரிசையில் எனக்கு முன்னால் ஓர் அம்மாவும் மகளும். “தாலி தவிர மத்ததெல்லாம் பிளாட்டினம்தாம்மா. ஆபீசுக்குப் போட்டுட்டுப் போக அதான் நல்லா இருக்கும்” என்கிறாள் மகள். “வெள்ளி மாதிரி இருக்கேடி... நாளைக்கு ஒரு அவசரம்னா யாருடி வாங்குவா?” என்கிறார் அம்மா. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

பிளாட்டினம் கருக்காது, நிறம் மாறாது. நகைக்கு வரும் பிளாட்டினத்தில் ஆயிரத்துக்கு 950 பங்கு சுத்த உலோகம். ஆனால் பொன்னைவிடக் கனமானது. அதே அளவு மோதிரம் செய்தால் எடை கூடும். உருகுவதற்கு 1,768 டிகிரி வேண்டும். பொன்னுக்கு 1,064 டிகிரி போதும். அதனால்தான் நம் தெரு ஆசாரி ஊதுகுழலை வைத்துக்கொண்டு பிளாட்டினச் சங்கிலியைச் சட்டென்று பற்றவைத்துத் தர முடிவதில்லை. திருப்பி விற்கும்போதும், அடகு வைக்கும்போதும் பொன்னுக்கு இருக்கும் மரியாதை அதற்கு இல்லை. அந்த அம்மாவின் கவலை நியாயமானதுதான்.

இன்னொன்று. ‘வெள்ளைத் தங்கம்’ என்பது பிளாட்டினம் அல்ல! தங்கத்தோடு பல்லேடியமோ நிக்கலோ கலந்து, மேலே ரோடியம் பூசியது அது. பூச்சு தேய்ந்தால் உள்ளிருக்கும் மஞ்சள் எட்டிப் பார்க்கும். நிக்கல் கலந்ததாக இருந்தால் சிலருக்குத் தோலில் அரிப்பும் வரும். கடையில் கேட்டுத் தெளிந்துகொள்ளாமல் வாங்காதீர்கள்.

பொன்னிலும் ‘சொக்கத் தங்கம்தான் வேண்டும்’ என்று அடம்பிடிப்பவர்கள் உண்டு. 24 காரட் பொன் மென்மையானது. அதில் தாலிக்கொடி செய்தால் நாளடைவில் வளைந்து, கொக்கி நெகிழ்ந்துவிடும். அதனால்தான் செம்பும் வெள்ளியும் கொஞ்சம் சேர்த்து 22 காரட்டாக்குகிறார்கள். ஆயிரத்துக்கு 916 பங்கு பொன். அதாவது, 8 கிராம் கொண்ட ஒரு பவுன் நகையில் சுத்தப் பொன் சுமார் 7.3 கிராம். வைரம் பதிக்க 18 காரட்டே பொருத்தம். கல்லை இறுகப் பிடித்துக்கொள்ளும். தினமும் கழுத்தில் கிடக்கும் தாலிக்கு 22 காரட். எப்போதாவது போடும் வைரத் தோட்டுக்கு 18 காரட். கல்லின் எடையைப் பொன்னின் எடையோடு சேர்த்துக் கணக்குப் போடுகிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘சாமி காரியத்துக்குப் போய்த் தரம் பார்ப்பதா?’ என்று தயங்கவே வேண்டாம். பழநி கருவறையிலேயே 2004 ஜனவரியில் ஐம்பொன்னால் ஆன புதிய சிலை வைக்கப்பட்டு, பக்தர்கள் மனம் ஒப்பாததால் அதே ஆண்டில் எடுக்கப்பட்டது. அந்தச் சிலைக்கான பொன் சரியாகச் சேர்க்கப்படவில்லை என்று புகார் எழுந்து, 2018-ல் வழக்கும் பதிவானது. தெய்வத்தின் பெயரால் வந்த உலோகத்துக்கே கணக்குக் கேட்க வேண்டி வந்தது என்றால், கடைக்காரரிடம் நாம் கேட்பதில் என்ன கூச்சம்?

நகையில் ஹால்மார்க் முத்திரை, 22கே916 என்ற தர எண், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி... இந்த மூன்றும் இருக்க வேண்டும். ஹால்மார்க் 2021 ஜூனிலிருந்து படிப்படியாகக் கட்டாயமானது. ஆறு இலக்கக் குறி இல்லாத தங்க நகையை 2023 ஏப்ரல் முதல் விற்கக் கூடாது. ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்தக் குறியைத் தட்டினால் நகையின் விவரம் வந்துவிடும். ஆனால், தாலி வாங்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 2 கிராமுக்குக் குறைவான நகைக்கு இந்த முத்திரை கட்டாயமில்லை. பொட்டுத் தாலி, குண்டு, லட்சுமிக் காசு எல்லாம் பெரும்பாலும் அந்த எடைக்குள்தான் வரும்! அவற்றுக்குத் தரமும் எடையும் குறித்த ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ‘கேடிஎம்’ என்று சொன்னால் அது ஹால்மார்க் ஆகிவிடாது. காட்மியம் கொண்டு பற்றவைப்பதன் பெயர் அது; அந்தப் புகை ஆசாரியின் நுரையீரலைக் கெடுக்கும்.

வெள்ளியைக் குறைவாக நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பொன்னில் மகாலட்சுமி வாசம் செய்வதால் அதை இடுப்புக்குக் கீழே அணிவதில்லை என்பது நம் சம்பிரதாயம். மெட்டிக்கும் கொலுசுக்கும் வெள்ளிதான். நேர்த்திக்கடன் வேலும், பாதமும், தொட்டிலும் வெள்ளிதான். அது கருத்துப்போனால், ‘உடம்பில் ஏதோ தோஷம்’ என்று பயப்பட வேண்டாம். காற்றிலும் வியர்வையிலும் இருக்கும் கந்தகம் செய்யும் வேலை. அடிவாரத்தில் வெள்ளி என்று விற்கும் மெல்லிய தகடுகள் எல்லாம் வெள்ளி அல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அன்போடு வாங்கிச் செலுத்தினால் முருகன் ஏற்பான். அதற்காக வெள்ளி விலையைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

பழநியில் தரிசனம் முடித்துவிட்டு, சுமார் 65 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஏறினால் கொடைக்கானல். அங்கே பழநி தேவஸ்தானத்தைச் சேர்ந்த குறிஞ்சி ஆண்டவர் கோயில் 1936-ல் கட்டப்பட்டது. கட்டியவர் இலங்கையின் சர் பொன்னம்பலம் ராமநாதனின் மனைவி லீலாவதி அம்மையார். வெளிநாட்டில் பிறந்து இந்து தர்மத்தைத் தழுவியவர். வானம் தெளிவாக இருந்தால் கோயில் வளாகத்திலிருந்தே பழநிமலை தெரியும். வள்ளியை மணந்தபோது முருகன் சூடியது குறிஞ்சி மாலை என்பார்கள். பொன் மாலை என்று யாரும் சொல்வதில்லை! 12 ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018-ல் பூத்தது, அடுத்து 2030-ல்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பவுன் விற்கும் விலையில் வட்டிக்குக் கடன் வாங்கி, ‘சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்களோ’ என்று பத்துப் பவுனில் கொடி போடும் அம்மாக்களைப் பார்க்கிறேன். மஞ்சள் கயிறும் அரை பவுன் தாலியும் சாஸ்திரத்துக்குப் போதும். பழநியில், கணவர் பிழைத்து எழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, தாலியைக் கழற்றி உண்டியலில் சேர்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். அடுத்த நிமிடமே மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொள்கிறார்கள். புதுத் தாலி செய்யும்வரை அதுதான் அவர்களுக்கு மாங்கல்யம். அந்தப் பிரார்த்தனை இருப்பவர்கள், மஞ்சள் கிழங்கையும் கயிறையும் வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு மலையேறுங்கள்.